ஒரே இன்ஜின், இரண்டு மூடி

மார்ச் 2, திங்கள்

நியூட்ரலில் விட்டாராம்! சாவியை அணைத்துவிட்டு மலையிலிருந்து வண்டியை உருட்டினாராம்! அப்படிச் சொல்கிறவன் வாயில் ஒரு கை கிரீஸை அள்ளி அப்ப வேண்டும்.

வழக்கமாக இந்த டைரியில் ஒரு நாளைக்கு ஒரு வரி, இரண்டு வரிதான் எழுதுவேன். எந்த வண்டி வந்தது, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, இன்ஜினில் என்ன கோளாறு, அவ்வளவு. ஆயில் ஏஜென்சிக்காரர் வருடா வருடம் சும்மா கொடுப்பது. ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் ஆயில் டப்பா படம். ஆனால் இன்றைக்கு ஒரு வரியில் அடங்காது. வீட்டில் கத்தினால் என் மனைவி ரேணுகா, "பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" என்கிறாள். ஒர்க்‌ஷாப்பில் கத்தினால் மேனேஜர், "கஸ்டமர் காதுல விழுது நாச்சிமுத்து" என்கிறார். இங்கே கத்தினால் ஆயில் டப்பாவுக்கு மட்டும்தான் கேட்கும்.

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றரை மணி. என் தங்கை பூங்கொடியின் வீட்டுக்காரர் சென்னியப்பன், ஊட்டியிலிருந்து டாக்சியில் இறங்கிக்கொண்டிருந்தார். பின்சீட்டில் ஈரோட்டுத் தம்பதி. பர்லியாறு தாண்டி ஒரு வளைவில் 'டமார்' என்று ஒரு சத்தம், இன்ஜின் செத்துவிட்டது. இன்ஜின் நின்றால் பிரேக் இரண்டு மிதிக்குத்தான் கேட்கும். மூன்றாவது மிதிக்குப் பெடல் கல். ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் மலை. மாப்பிள்ளை மலைப் பக்கம் ஒடித்து, ஓடையில் சக்கரத்தை இறக்கி, பாறையில் உரசி நிறுத்திவிட்டார். அந்தம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகியிருக்கிறது. மாப்பிள்ளைக்கு விலாவில் இரண்டு எலும்பு, இடது மணிக்கட்டு. பள்ளத்தில் இறங்கித் தேட வேண்டிய வண்டி அது. காப்பாற்றியவர் மேலேயே கேஸ்!

டாக்சி டிரைவர் என்றால் டீசலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிடுவான் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. சில பேர் செய்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. என் மாப்பிள்ளை பதினாறு வருடமாக அந்த மலையில் ஓட்டுகிறார். இறக்கத்தில் செகண்ட் கியரை விட்டு மாறமாட்டார். பக்கத்தில் உட்கார்ந்தால் நமக்கே எரிச்சல் வரும், அவ்வளவு மெதுவு. அவரைப் போய்!

லைசென்ஸைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து வண்டியைப் பார்த்து, 'வண்டியில் கோளாறு இல்லை' என்று எழுதிவிட்டால் முடிந்தது. லைசென்ஸும் போகும், ஜெயிலும் வரும்.

மார்ச் 3, செவ்வாய்

வண்டியைப் பற்றி எழுதாமல் விட்டுவிட்டேன். வெர்மான் பிலோ. நான் வேலை பார்ப்பது அதே வெர்மான் கம்பெனி டீலரின் கோயமுத்தூர் சர்வீஸ் சென்டரில். ஒன்பது வருடமாக இன்ஜின் பிரிவு. 'எந்த வண்டி வாங்கட்டுமுங்க மச்சான்?' என்று மாப்பிள்ளை கேட்டபோது பிலோவைக் கைகாட்டியவனும் நான்தான்.

அதில் ஒரு தப்பும் இல்லை. பிலோவும் டிக்கி வைத்த கார்தான், அதே கம்பெனியின் அசாரியாவும் டிக்கி வைத்த கார்தான். அசாரியாவுக்கு விலை ஏறக்குறைய இரண்டு பங்கு. பானட்டைத் திறந்தால் பிலோ இன்ஜினுக்கு மேல் கறுப்பு மூடி. அசாரியாவுக்கு வெள்ளி நிற மூடி, சிவப்பு எழுத்து. நாலு ரப்பர் கிளிப்பைத் தூக்கி அந்த மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஒரே இன்ஜின்! பிளாக்கில் வார்த்திருக்கிற நம்பர் ஒன்று, பிஸ்டன் ஒன்று, டைமிங் செயின் ஒன்று. அசாரியாவில் கம்ப்யூட்டரைக் கொஞ்சம் முடுக்கி வைத்திருப்பார்கள், இழுவை கூடும். சத்தம் உள்ளே வராமல் இரண்டு அடுக்குப் பஞ்சு ஒட்டியிருப்பார்கள். மற்றபடி சீட்டுத்தான், கூரையில் கண்ணாடிதான்.

ஷோரூமில் மில் முதலாளி வந்தால், "பிலோவெல்லாம் கூட வச்சுப் பேசாதீங்க சார், இது வேற இன்ஜின்" என்பார்கள். டாக்சிக்காரர் வந்தால், "அண்ணா, அசாரியா இன்ஜினேதான் இதுல போட்டிருக்கு" என்பார்கள். ஒரே ஷோரூம், ஒரே வாய். கூச்சமே கிடையாது.

போன நவம்பரில் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அசாரியா சர்வீசுக்கு வந்தால் செயின் டென்ஷனரை ஓசியில் மாற்றிவிட வேண்டும். கஸ்டமரிடம் காரணம் சொல்லக்கூடாது, 'தர மேம்பாடு' என்று எழுதினால் போதும். டென்ஷனர் என்பது டைமிங் செயினைத் தொய்யாமல் அழுத்திப் பிடிக்கிற சின்னச் சாமான். உள்ளங்கையில் அடங்கும். அது சோர்ந்துபோனால் செயின் தொங்கும். காலையில் குளிர்ந்த இன்ஜினை முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது, ஆணி டப்பாவைக் குலுக்கின மாதிரி மூன்று விநாடி சத்தம் வரும். பிறகு நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் ஒரு நாள் செயின் அறுந்து, ஓடுகிற இன்ஜின் நட்டநடுவில் நிற்கும்.

கடிதத்தில் பிலோ இல்லை. "ரெண்டும் ஒரே இன்ஜின்தானுங்களே சார்?" என்று மேனேஜரிடம் அப்போதே கேட்டேன். பிரேம்சந்தர் என்று பெயர், டை கட்டாமல் டீ கூடக் குடிக்கமாட்டார். "அசாரியாக்காரங்க சின்னச் சத்தத்துக்கே ஹெட் ஆபீசுக்கு மெயில் போடுவாங்க. டாக்சிக்காரங்களுக்குச் சத்தம் பழக்கம் நாச்சிமுத்து. பிலோவுக்குச் சத்தம்னு யாரும் வாயத் தொறக்கக்கூடாது" என்றார். இதைக் கேட்டுவிட்டு ஒருவன் கையில் ஸ்பேனரோடு சும்மா நிற்க வேண்டியிருக்கிறது.

இந்த வருடம் மட்டும் நான் எத்தனை அசாரியாவுக்கு மாற்றியிருக்கிறேன் என்று டைரியைப் புரட்டி எண்ணினேன். பத்தொன்பது. ஜனவரியில் ஒரு பக்கம் இல்லை. ஆயில் கொட்டிவிட்டது, கிழித்துப் போட்டேன்.

மார்ச் 4, புதன்

அரை நாள் லீவு போட்டுக் காரமடை போய் மாப்பிள்ளையைப் பார்த்தேன். போயிருக்கவே கூடாது.

நெஞ்சில் கட்டு, கையில் கட்டு. சுவரோரம் தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"உக்காருங்க மாப்பிள்ளை. ஸ்டேஷன்ல என்னதான் எழுதிக் குடுத்தீங்க?"

"கேட்டதுக்குச் சொன்னனுங்க மச்சான். காலைல ஸ்டார்ட் பண்றப்ப வண்டில கொஞ்ச நாளாச் சத்தம் இருந்துச்சுன்னேன். எங்கியாச்சும் கொண்டுபோய்க் காட்டுனியான்னாங்க. காட்டலீங்க, என்ற தப்புத்தானுங்கன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. "அறிவிருக்குதுங்களா உங்களுக்கு? தானா வலியப்போய்த் தலையக் குடுக்குறதா? சத்தம்னே எதுக்குச் சொன்னீங்க? இப்பப் பாருங்க, பராமரிப்பு இல்லாத வண்டிய ஆள ஏத்தி ஓட்டுனான்னு ஆயிப்போச்சு!"

"பொய் சொல்ல வரலீங்க மச்சான்."

"காட்டலன்னு சொன்னது மட்டும்..."

பாதியில் நிறுத்திவிட்டேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "அது அதோட போகட்டுமுங்க. வேற யாரும் இதுக்குள்ள வர வேண்டாம்" என்றார்.

பூங்கொடி காப்பியைக் கொண்டுவந்து தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வாங்கண்ணா என்று ஒரு வார்த்தை இல்லை. கூடப் பிறந்தவன் லீவு போட்டு வந்திருக்கிறேன், முகம் கொடுத்துப் பேசத் தெரியாதா? அப்படி என்ன செய்துவிட்டேன் நான்? காப்பியைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 5, வியாழன்

பிரஷர் நூற்று அறுபதுக்கு நூறு. மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். எரிச்சல் மாறவில்லை.

மார்ச் 7, சனி

கம்பெனி எஞ்சினியர் ஒருவர் சென்னையிலிருந்து வந்து, மேட்டுப்பாளையம் ஸ்டேஷன் வளாகத்தில் நிற்கிற பிலோவைப் பார்த்துவிட்டு, மத்தியானம் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். பார்த்தது இருபது நிமிடமாம். எழுதியது நாலு பக்கம்! ஓட்டுநர் இறக்கத்தில் இன்ஜினை அணைத்திருக்கிறார், பாறையில் மோதின வேகத்தில் செயின் அறுந்திருக்கிறது, இன்ஜினில் தயாரிப்புக் கோளாறு எதுவும் இல்லை.

மோதலில் டைமிங் செயின் அறுந்ததாக என் சர்வீசில் நான் கேட்டதில்லை. பாறை உரசியது இடது கதவில். செயின் இருப்பது இன்ஜினுக்குள், உலோகக் கூட்டுக்கு உள்ளே. பாறைக்குக் கை முளைத்து உள்ளே விட்டு அறுத்ததா? எழுதுகிறவனுக்குப் படிப்பு எதற்கு?

மேனேஜர் என்னை ஏசி ரூமுக்குக் கூப்பிட்டார். அந்த நாலு பக்கத்தின் அடியில், 'சீனியர் டெக்னீஷியன்' என்ற இடத்தில் என் கையெழுத்து வேண்டுமாம். கூடவே இன்னொரு கவரை மேஜைமேல் வைத்தார். ஃபோர்மேன் ஆர்டர். ஏழு வருடமாக நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், பாவி மனுஷன்.

"உங்க சொந்தக்காரர் வண்டின்னு தெரியும் நாச்சிமுத்து. அதனாலதான் உங்க கையெழுத்துக்கு மதிப்பு. புதன்கிழமை பிரேக் இன்ஸ்பெக்டர் வர்றாங்க, அதுக்குள்ள வேணும்."

நான் போடவில்லை. போடவே இல்லை. கையெல்லாம் ஆயில் சார், திங்கட்கிழமை போடறனுங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

காலையில் தேங்காய் துருவிக்கொண்டே ரேணுகா கேட்டாள்.

"ஏனுங்க, பொங்கலுக்குப் பூங்கொடியெல்லாம் வந்து தங்கியிருந்தாங்களே, கெளம்பற அன்னிக்கு அவரு வண்டில என்னமோ கேட்டுட்டு நின்னீங்கள்ல?"

"எப்ப?"

"நான் வாசல்ல கோலம் போட்டுட்டு இருந்தேன். நீட்டு ஸ்க்ரூடிரைவர இன்ஜின்ல வச்சு, அதோட பிடியக் காதுல வச்சுட்டு நின்னீங்க. என்ற கோலத்துமேல கால வச்சுட்டீங்கன்னு நான்கூடச் சத்தம் போட்டனே."

இருபது வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு எதைக் கேட்பது எதை விடுவது என்று தெரிய வேண்டாமா? மெக்கானிக் என்றால் எந்த இன்ஜினைப் பார்த்தாலும் காது வைப்பான். கோயிலுக்குப் போனால் கும்பிடுவதில்லையா, அந்த மாதிரி. எல்லா இன்ஜினும் மார்கழி, தைக் குளிரில் சத்தம் போடும். இதைச் சொன்னேன். கொஞ்சம் உரக்கத்தான் சொன்னேன். பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது.

"நான் ஒண்ணும் சொல்லலீங்க" என்று துருவியதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இந்த வீட்டில் ஒருத்தியும் ஒன்றும் சொல்வதில்லை. சொல்லாமலேயே ஆளைக் கொல்கிறார்கள்.



மார்ச் 9, திங்கள்

காலையில் ஒரு அசாரியா. சீட்டில் வருகிற குளிர்காற்று போதவில்லை என்று அரை மணி நேரம் புகார் சொன்னார் முதலாளி. முதுகு வேர்க்கிறதாம். அதைச் சரி பார்க்கிற சாக்கில் டென்ஷனரையும் மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். பழையதைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். செத்த எலிபோலத் தொய்ந்து கிடந்தது. அவருக்குத் தன் வண்டி எதிலிருந்து தப்பியது என்றே தெரியாது. சீட்டு இப்போது ஜில்லென்று இருக்கிறது என்று சந்தோஷமாகப் போனார். பழைய டென்ஷனரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மேனேஜர் கேட்டார். இன்னும் படிச்சு முடிக்கலீங்க சார் என்றேன். நாலு பக்கம்தானே என்று சிரித்தார்.

மூன்று மணிக்குப் பூங்கொடி ஒர்க்‌ஷாப்புக்கே வந்துவிட்டாள். கஸ்டமர் உட்காருகிற சோபாவில் உட்காராமல், நேராக இன்ஜின் பிரிவுக்குள் வந்து என் முன்னால் நின்றாள். வேலை செய்கிற இடத்துக்கு வருவாளா ஒருத்தி? எல்லாரும் பார்க்கிறார்கள்.

"இங்கெதுக்கு வந்தே? வூட்டுக்கு வர வேண்டியதுதானே?"

"வூட்டுக்கு வந்தா அண்ணி முன்னால நீங்க தலைகுனிஞ்சு நிப்பீங்க. அதுக்குத்தான் இங்க வந்தேன்."

"நான் எதுக்குடி தலை குனியணும்?"

"அண்ணா, அன்னிக்கு நானும் வண்டிலதான் இருந்தேன். கண்ணாடிய எறக்கிட்டு உங்களையே பாத்துட்டு இருந்தேன். அந்தக் கம்பியக் காதுல வச்சதும் உங்க மூஞ்சி மாறுச்சு. எனக்குத் தெரிஞ்சுது. அப்பறம் நிமிந்து, ஒண்ணுமில்லீங்க மாப்பிள்ளை ஓட்டுங்கன்னீங்க."

பக்கத்தில் வீல் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

"போலீஸ்ல எதுக்குங்க காட்டலன்னு சொன்னீங்கன்னு அவர்கிட்டச் சண்டை போட்டேன். காட்டுனேன்னா யாருகிட்டன்னு கேப்பாங்க, மச்சான் வேலை போயிரும்னாரு. நம்ம பொழப்பே போவுதேன்னேன். மச்சானுக்குத் தெரிஞ்சிருந்தா விட்டிருப்பாரா புள்ளே, அவருக்கும் தெரியாமப் போச்சு, விடுங்கறாரு. தெரியாமப் போச்சுங்கறாருங்கண்ணா! நான் அப்பவும் வாயத் தொறக்கல. நீங்க மூஞ்சி மாறுனத நான் அவருகிட்டச் சொல்லல. நீங்களே சொல்லுங்க, நான் சொல்லட்டுமா, வேண்டாமா?"

கேட்டுவிட்டுப் பதிலுக்குக்கூட நிற்காமல் போய்விட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்பது என்பார்களே, அது இதுதான்.

வந்த ஆத்திரத்தில் கழற்றி வைத்திருந்த ஒரு வெள்ளி மூடியைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். உடையவில்லை. நல்ல பிளாஸ்டிக்.

மார்ச் 10, செவ்வாய்

ஆயில் கொட்டவில்லை. மூன்றாம் தேதி எழுதியது பொய்.

பிப்ரவரி இருபத்தேழு சாயங்காலம் பூங்கொடி அழுதுகொண்டே போன் செய்தாள். போனை வைத்ததும் நான் செய்த முதல் காரியம் அந்த ஜனவரிப் பக்கத்தைக் கிழித்தது. பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடியது இரண்டாவதுதான். கிழித்ததை எறிய மனம் வராமல், டூல்ஸ் தள்ளுவண்டியில் ரப்பர் விரிப்புக்கு அடியில் மடித்து வைத்தேன். தினமும் அதன்மேல்தான் ஸ்பேனரை எடுக்கிறேன், வைக்கிறேன். ஒன்பது நாளாகக் கம்பெனிக்காரனை, மேனேஜரை, மாப்பிள்ளையை, பெண்டாட்டியை, தங்கையை, எல்லோரையும் திட்டி எழுதியிருக்கிறேன். ஒரே ஒருத்தனை விட்டுவிட்டேன். வெட்கம் கெட்டவன்.

மார்ச் 11, புதன்

பத்து மணிக்கு மேட்டுப்பாளையம் ஸ்டேஷன். பிரேக் இன்ஸ்பெக்டர் ஒரு பெண். அமுதவல்லி என்று சட்டையில் பெயர். முப்பத்தைந்து வயதிருக்கும், சட்டையின் முழங்கையில் கிரீஸ் கறை. அதைப் பார்த்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது. மேனேஜரும் கம்பெனி எஞ்சினியரும் அசாரியாவில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை வேப்பமரத்தடியில் நின்றார். விலா வலிக்கு உட்காருவதைவிட நிற்பது தேவலை என்றார்.

இன்ஸ்பெக்டர் நாலு பக்கத்தையும் படித்தார். "கியர் லீவர் செகண்ட்ல நிக்குது. நியூட்ரல்னு எழுதியிருக்கீங்க?" என்றார்.

"மோதின பிறகு போட்டிருக்கலாம் மேடம்" என்றார் எஞ்சினியர்.

"விலா ஒடஞ்ச ஆளு, ஒடஞ்ச கையால கியர் போட்டாரா?"

"இந்த இன்ஜின்ல செயின் பிரச்சினையே கிடையாது மேடம். நாச்சிமுத்து எங்க சீனியர், கேட்டுப் பாருங்க. கையெழுத்துப் போட்டுருவார்" என்று மேனேஜர் பேனாவை என் பக்கம் நீட்டினார்.

பேனாவை வாங்கிப் பையில் குத்திக்கொண்டேன். நேராக மேனேஜர் வந்த அசாரியாவுக்குப் போனேன். பானட்டைத் தூக்கி, வெள்ளி மூடியை நாலு கிளிப்போடு உருவினேன். பிலோவின் கறுப்பு மூடியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, வெள்ளி மூடியை அங்கே வைத்து அழுத்தினேன். டக், டக், டக், டக். நாலு கிளிப்பும் உட்கார்ந்தன.

"மேடம், இங்க பாருங்க. இப்ப இது அசாரியாவா, பிலோவா? ரெண்டு பிளாக்லயும் வார்த்திருக்கிற நம்பரப் படிங்க. ரெண்டும் ஒண்ணு. இந்த டென்ஷனர் முந்தாநேத்து ஒரு அசாரியால இருந்து நான் எடுத்தது, அழுத்திப் பாருங்க. நவம்பர்ல இருந்து அசாரியாவுக்கெல்லாம் ஓசில மாத்தறோம். பிலோவுக்கு மாத்தக்கூடாதுன்னு உத்தரவு. அந்த வண்டியத் தொறந்து பாருங்க, இதே மாதிரி ஒண்ணு செத்துக் கெடக்கும்."

"டியூனிங் வேற மேடம்! ரெண்டையும் ஒப்பிடவே கூடாது!" எஞ்சினியர் குரல் கீச்சென்றது.

"டியூனிங் வேறதானுங்க. செயின் ஒண்ணுதானுங்க. செத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் சாவும்!"

ஸ்டேஷன் முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டும். மேனேஜர் என் கையைப் பிடித்தார், உதறினேன்.

இன்ஸ்பெக்டர் டார்ச்சை அடித்து இரண்டு நம்பரையும் படித்து, போட்டோ எடுத்துக்கொண்டார். டென்ஷனரைக் கட்டைவிரலால் அழுத்தினார். பிறகு கேட்டார், "அப்போ இந்த வண்டிலயும் சத்தம் வந்திருக்கணுமே. டிரைவர் யார்கிட்டயும் காட்டலன்னு ஸ்டேட்மென்ட் குடுத்திருக்காரு."

"ஆமாங்க மேடம், காட்டலீங்க" என்று மாப்பிள்ளை மரத்தடியிலிருந்து அவசரமாகச் சொன்னார். விலாவைப் பிடித்துக்கொண்டு இரண்டடி முன்னால் வந்துவிட்டார். "என்ற தப்புத்தானுங்க அது."

"வாய மூடுங்க மாப்பிள்ளை!" என்றேன். இந்த மனுஷன் மேல் எனக்கு அந்த நேரத்தில் வந்த கோபம் இதுவரை யார்மேலும் வந்ததில்லை. "காட்டுனாருங்க மேடம். என்கிட்டத்தான் காட்டுனாரு. காது வச்சுக் கேட்டேன், என்னன்னு தெரிஞ்சுது. தெரிஞ்சும் ஒண்ணுமில்லைன்னு அனுப்புனேன்."

ரப்பர் விரிப்புக்கு அடியிலிருந்து கொண்டுவந்திருந்த பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். எண்ணெய்க் கறையும் ஸ்பேனர் அச்சும் விழுந்திருந்தன. அவர் நின்றபடியே படித்தார். ஒரு தடவை மாப்பிள்ளையைப் பார்த்தார், ஒரு தடவை என்னைப் பார்த்தார்.

"இது குடுத்தா உங்க மேலயும் கேள்வி வரும். தெரியுமில்ல?"

"வரட்டுமுங்க."

டைரியின் மற்றப் பக்கங்களையும் கேட்டார். சத்தத்தோடு வந்து, நான் ஒன்றும் செய்யாமல் திருப்பி அனுப்பிய பிலோக்கள் இந்த வருடத்தில் பதினொன்று. வண்டி நம்பர், கிலோமீட்டர் எல்லாம் என் கையெழுத்தில் இருக்கிறது. ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்துக்கொண்டார். "இவங்களுக்கெல்லாம் இன்னிக்கே போன் போடச் சொல்றேன்" என்றார்.

திரும்பிக் காரமடை வரைக்கும் மாப்பிள்ளையும் நானும் பஸ்ஸில் ஒரே சீட்டில் வந்தோம்.

"தெரிஞ்சேதான் ஒண்ணுமில்லைன்னு சொன்னீங்களா மச்சான்?" என்று காரமடை நெருங்கும்போது கேட்டார்.

"ஆமாங்க மாப்பிள்ளை."

அவர் திட்டியிருக்கலாம். கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாம், நல்ல கை ஒன்று மிச்சம் இருந்தது. ஒன்றும் செய்யவில்லை. ஸ்டாப் வந்ததும் கம்பியைப் பிடித்து மெதுவாக இறங்கினார். போய் வருகிறேன் என்று சொல்லவில்லை. இத்தனை வருடத்தில் அப்படி அவர் போனதில்லை.

மார்ச் 13, வெள்ளி

வேலை போய்விட்டது. மேனேஜர் நேரில் சொல்லக்கூடத் தைரியமில்லாமல் வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார். தள்ளுவண்டியைக் காலி செய்ய வேண்டுமாம். நாளைக்குப் போவேன். போய்ச் சும்மா வரமாட்டேன், வாசலில் நிற்கிற ஒவ்வொரு பிலோக்காரரிடமும் சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

இன்ஸ்பெக்டர் வண்டியைத் திறந்து பார்த்துவிட்டாராம். இயந்திரக் கோளாறால் விபத்து என்று அறிக்கை போகிறது. கேஸ் இன்னும் முடியவில்லை, ஆனால் லைசென்ஸ் வந்துவிடும் என்று வக்கீல் சொன்னதாக ரேணுகா சொன்னாள். பூங்கொடி அவளிடம்தான் பேசினாளாம். எனக்குப் போன் வரவில்லை. மாப்பிள்ளை ஒன்றும் பேசாமல் இருக்கிறார், அதுதான் பயமாக இருக்கிறது என்றாளாம்.

அந்தப் பக்கம் இனி இன்ஸ்பெக்டர் ஃபைலில்தான் இருக்கும். டைரியில் அந்த இடத்தில் பல் விழுந்த மாதிரி ஒரு கிழிசல். எழுதியது ஒரு வார்த்தை விடாமல் நினைவிருக்கிறது. மறுபடி கிழிக்க முடியாதபடி இங்கேயே எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 18, ஞாயிறு

மாப்பிள்ளை வண்டி, பிலோ. 1,12,400 கி.மீ. காலை ஆறரைக்கு நம் வீட்டு வாசலில் முதல் ஸ்டார்ட். மூன்று விநாடி சத்தம். ஸ்க்ரூடிரைவர் வைத்துக் கேட்டேன். டென்ஷனர்தான், சந்தேகமே இல்லை. ஃபோர்மேன் வேலைக்கு என் பெயரை அனுப்பியிருப்பதாகச் செவ்வாய்க்கிழமைதான் மேனேஜர் சொன்னார். இப்போது பிலோவுக்குப் பார்ட் கேட்டால் முகம் சுளிப்பார். ஆர்டர் கைக்கு வரட்டும், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். ஒன்றுமில்லை, குளிருக்கு அப்படித்தான், ஓட்டுங்கள் என்றேன். "மச்சான் காது வச்சுக் கேட்டுச் சொன்னா, அதுக்கு மேல என்னங்க" என்று சிரித்தார். பின்சீட்டில் பூங்கொடியும் இரண்டு பிள்ளைகளும். தெருமுனை திரும்பும் வரைக்கும் பிள்ளைகள் கை காட்டிக்கொண்டே போனார்கள்.